வெண்புள்ளிக்கு வீட்டிலேயே யுவி விளக்கு: முதல் நாளிலிருந்து பயன்படுத்தும் முறை

டாக்டர் சீட்டில் "ஹோம் போட்டோதெரபி, வாரம் 3 முறை" என்று, அதாவது வீட்டிலேயே ஒளிச் சிகிச்சை என்று, எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டியும் வந்துவிட்டது. பிரித்தால் சீப்பு மாதிரி பற்கள் வைத்த ஒரு கைவிளக்கு, ஒரு கண் கவசம், பொடி எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம். புத்தகத்தில் முப்பது எச்சரிக்கைகள் இருக்கும். அதில் எதை மறந்தால் தோல் பொசுங்கும், எதை மறந்தால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் இருக்காது. அந்த இடத்தில் நானும் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கழுத்து, முழங்கை, விரல் நுனி என்று மூன்று இடத்தில் எனக்கு வெண்புள்ளி. இந்த விளக்கோடு மூன்று வருஷமாகப் பழகுகிறேன். அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இதை வெண்குஷ்டம் என்று சொல்லாதீர்கள், சொல்பவர்களையும் திருத்துங்கள். குஷ்டம் கிருமியால் வருவது. வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களை எதிரி என்று தப்பாக நினைத்து அழிக்கிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

யார் தொடங்கலாம், யார் கூடாது

தோல் மருத்துவர் பார்த்து, இது வெண்புள்ளிதான் என்று உறுதி செய்து, தொடக்க அளவை எழுதிக் கொடுத்த பிறகுதான் விளக்கைக் கையில் எடுக்க வேண்டும். தேமல், பூஞ்சை, பழைய தீக்காயத் தழும்பு எல்லாமே வெளிறித்தான் தெரியும். இருட்டறையில் 365 நானோமீட்டர் ஒளி விடும் உட்ஸ் விளக்கைக் காட்டினால் வெண்புள்ளி பளிச்சென்று சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். டாக்டர் அதை வைத்துப் பார்த்துச் சொல்வார்.

எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் இருப்பவர்கள், வெயிலே ஆகாத பிறவி நோய் உள்ளவர்கள், தோல் புற்றுநோய் வந்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தையசைடு வகை நீர் மாத்திரை போன்றவை தோலை ஒளிக்குக் கூச வைக்கும். பாதி வழியில் வேறொரு டாக்டர் புது மாத்திரை கொடுத்தாலும் "நான் லைட் ட்ரீட்மென்ட் எடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லுக்கோ முகப்பருவுக்கோ கொடுக்கும் மாத்திரைதானே என்று நாம் சொல்லாமல் விட்டுவிடுவோம். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். வெண்புள்ளி மொத்தம் ஐந்தாறு உள்ளங்கைக்குள் அடங்கினால் கைவிளக்கு போதும். பத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு இடமாகக் காட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும், கை ஓய்ந்துவிடும். அவர்களுக்கு உடம்பு உயரத்துக்கு டியூப் வைத்த பேனலோ மருத்துவமனைக் கூண்டோதான் சரி.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த விளக்கு வீட்டு டியூப்லைட்டின் தம்பி. உள்ளே கொஞ்சம் பாதரச ஆவி இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதா (யுவி) கதிரை விடும். டியூபின் உட்சுவரில் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வாங்கி, வேறு அலைநீளமாக மாற்றி வெளியே அனுப்பும். வீட்டு டியூபில் அது வெள்ளை வெளிச்சமாக வருகிறது. நம் விளக்கில் பொடி வேறு, அதனால் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் வருகிறது. நேரோபேண்ட் (குறுகிய பட்டை) யுவிபி என்ற பெயர் அதனால்தான். யுவிபி என்பது புறஊதாக் கதிரில் ஒரு வகை, யுவிஏ இன்னொரு வகை. கண்ணாடியும் வேறு. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மூடிய ஜன்னல் வழியாக வரும் வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் இந்தப் பலன் வராததற்கு அதுதான் காரணம்.

ஏன் 311 என்று குறிப்பாக? 1981இல் பாரிஷ், ஜேனிக்கி என்ற இருவர் சொரியாசிஸ் நோயாளிகளின் தோலில் அலைநீளம் அலைநீளமாகச் சோதித்தார்கள். 290ம் அதற்குக் கீழே உள்ளவையும் தோலைச் சிவக்க வைத்தனவே தவிர நோயைக் குறைக்கவில்லை. 313 பக்கம் இருந்ததோ, தோல் சிவப்பதற்கு முன்பே வேலை செய்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் டிஎல்-01 டியூப் இந்தப் பட்டைக்காகவே செய்யப்பட்டது. வெண்புள்ளிக்கு இது உதவும் என்று ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹோஃப் குழுவினர் 1997இல் எழுதினார்கள். அதற்கு முன்பு தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோரலென் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு யுவிஏ ஒளியில் நிற்கும் பூவா முறைதான் வழக்கம். மாத்திரை குமட்டும், அன்று முழுக்கக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அந்தத் தொல்லையெல்லாம் இதில் இல்லை.

தோலுக்குள் போன இந்த ஒளி இரண்டு வேலை செய்கிறது. மெலனோசைட்டைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களை அந்த இடத்தில் அமைதிப்படுத்துகிறது. அப்புறம், மயிர்க்கால்களின் அடியில் பத்திரமாக மிச்சமிருக்கும் மெலனோசைட் மூலச் செல்களை உசுப்பி மேலே ஏறி வரச் செய்கிறது. இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நிறம் சீக்கிரம் வரும், எங்கே வராது என்பதற்கெல்லாம் விடை மயிர்க்காலில்தான் இருக்கிறது.

டேனிங் படுக்கை இதற்கு மாற்று அல்ல

"டேனிங் கருவியும் யுவி விளக்குதானே, அதில் படுத்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. தோலைக் கறுக்க வைப்பதற்கான டேனிங் விளக்குகள் பெரும்பாலும் 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான யுவிஏ கதிரைத்தான் விடும். யுவிபி அதில் சில சதவீதம் இருக்கும், அதுவும் குறுகிய பட்டையில் இருக்காது. நல்ல தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனோசைட்டைத் தூண்டிக் கறுக்க வைப்பது அதன் வேலை. வெண்புள்ளிக்குள் கறுக்க மெலனோசைட்டே கிடையாது. ஆகவே சுற்றியுள்ள தோல் மட்டும் கறுக்கும், வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். போதாததற்கு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் டேனிங் கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது.

அப்படியானால் நம் விளக்குக்கு அந்தப் பயம் இல்லையா? இதுவரை நடந்த ஆய்வுகளில் நேரோபேண்ட் சிகிச்சையால் தோல் புற்றுநோய் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் இதுவும் புறஊதாக் கதிர்தான். எத்தனை முறை, எவ்வளவு என்று கணக்கு வைப்பதும், வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் முழுத் தோலையும் காட்டுவதும் அதற்காகத்தான்.

வந்தது சரியான விளக்குதானா

போடுவதற்கு முன்பே டியூபைப் பாருங்கள். அணைந்திருக்கும்போது பால் வெள்ளையாக, பொடி பூசியதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் தெரியும்படி தெளிந்த கண்ணாடியாக இருந்தால் அது கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்காக இருக்கலாம். அதைப் போடவே போடாதீர்கள், தோலையும் கண்ணையும் எரித்துவிடும். கருநீலக் கண்ணாடியாக இருந்தால் அது பரிசோதனைக்கான விளக்கு, சிகிச்சைக்கு உதவாது. டியூபின் ஓரத்தில் 01 அல்லது 311 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எரியும்போது மங்கலான ஊதா கலந்த நீல வெளிச்சம் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்து விளக்கின் பலத்தை எடை போட வேண்டாம். தோலில் வேலை செய்யும் 311 கண்ணுக்கே தெரியாது. நீலம் பிரகாசமாக இருந்தும் யுவிபி தேய்ந்துபோயிருக்கலாம்.

அடுத்து, பெட்டியிலோ சான்றிதழிலோ வலிமை எழுதியிருக்கும்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட், இத்தனை சென்டிமீட்டர் தூரத்தில். இந்த எண் இல்லாத விளக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. இந்த எண் தெரியாமல் அளவு கணக்கிட முடியாது, அளவு தெரியாமல் இந்தச் சிகிச்சையே கிடையாது.

நொடிக் கணக்கு

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். கணக்கு ஒன்றுதான்: வலிமையை நொடியால் பெருக்கினால் டோஸ். 1 மில்லிவாட் ஒளி 1 நொடி பட்டால் 1 மில்லிஜூல்.

வெண்புள்ளி நிபுணர் குழு 2017இல் வெளியிட்ட பரிந்துரையில் தொடக்க டோஸ் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூல். தோல் சிவப்போ மாநிறமோ கறுப்போ, தொடக்கம் அதேதான், ஏனென்றால் வெள்ளைத் திட்டுக்குள் யாருக்கும் நிறம் இல்லை. உங்கள் டாக்டர் வேறு எண் எழுதியிருந்தால் அவர் எழுதியதுதான் உங்களுக்கு. என் விளக்கின் வலிமை 10 மில்லிவாட். 200ஐ 10ஆல் வகுத்தால் 20 நொடி. வேறொருவரின் விளக்கு 4 மில்லிவாட் என்றால் அதே 200க்கு அவருக்கு 50 நொடி ஆகும். நான் "20 நொடியில் தொடங்கினேன்" என்று சொல்வதைக் கேட்டு அவர் தொடங்கினால் பலன் இருக்காது. அவர் சொல்வதைக் கேட்டு நான் 50 நொடி காட்டினால் வெந்துவிடும். டாக்டரிடம் மில்லிஜூலில் கேளுங்கள், நொடியை உங்கள் விளக்கை வைத்து நீங்கள் கணக்கிட்டு, அவரிடமே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் சிவக்கவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டலாம். 10 சதவீதம் என்றால் 20 நொடி, அடுத்து 22, அப்புறம் 24, அப்புறம் 27. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதுபோலத்தான் தெரியும். ஆனால் இது வட்டிக்கு வட்டி. 10 சதவீதத்தில் ஏழு முறை கூட்டினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 20 சதவீதத்தில் நான்கே முறையில் இரட்டிப்பு. வீட்டில் தனியாகச் செய்பவர்கள் 10 சதவீதத்திலேயே போவது நல்லது என்பது என் எண்ணம். ஒரு வாரம் சேமிக்கப் பார்த்து இரண்டு வாரம் இழப்பதில் லாபமில்லை. மேல் எல்லையும் உண்டு. அதே பரிந்துரையில் முகத்துக்கு 1500, உடம்புக்கு 3000 மில்லிஜூல். அதைத் தொடுவதற்கு முன்பே பலருக்கு இலேசான சிவப்பு வந்துவிடும், அங்கேயே நின்றுகொள்ளலாம்.

முதல் நாள்

இரவில் குளித்து முடித்த நேரம் எனக்கு வசதி. உங்களுக்கு எது முடியுமோ அது. ஆனால் வாரத்தில் மூன்று நாட்களை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், அடுத்தடுத்த நாள் வராமல். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்தால் இடையில் ஒரு நாள் தோலுக்கு ஓய்வு கிடைக்கும். வாரம் இரண்டு முறையும் பரவாயில்லை, பலன் மட்டும் மெதுவாக வரும். தினமும் காட்டினால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள். யுவிபியின் சிவப்பு பல மணி நேரம் கழித்துத்தான் தெரியத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். நேற்றைய சிவப்பு முழுதாகத் தெரிவதற்கு முன்பே இன்றைக்கும் காட்டினால், எரியும் அடுப்பில் கொள்ளியைச் செருகியதுபோல ஆகும். கையில் இருப்பது கைவிளக்கு, நொடிகளும் குறைவு, அதனால் இந்த அவசரம் எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது.

தோல் சுத்தமாக, ஈரமில்லாமல், மேலே எதுவும் பூசாமல் இருக்க வேண்டும். சன்ஸ்கிரீன், கெட்டியான களிம்பு, சென்ட் எதுவும் வேண்டாம். டாக்டர் டாக்ரோலிமஸ் களிம்பு கொடுத்திருந்தால் விளக்குக்கு முன்னால் போடாமல், முடிந்த பிறகு போடுங்கள்.

கண் கவசத்தை விளக்கைப் போடும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது, பக்கவாட்டில் கதிர் நுழையும். அறையில் குழந்தை இருந்தால் வெளியே அனுப்புங்கள். உதவிக்கு நிற்பவருக்கும் ஒரு கவசம் வேண்டும். கவசம் இல்லாமல் இரண்டு நிமிடம் நேரே பார்த்துவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தும், நீர் கொட்டும். கண் இமையிலேயே வெண்புள்ளி இருந்தால் கவசம் போட முடியாதே என்று குழம்ப வேண்டாம். அதற்கென்று டாக்டர் தனியாக வழி சொல்வார், அதுவரை இமையைத் தொடாதீர்கள். ஆண்கள் பிறப்புறுப்பைத் தடித்த துணியால் மூடிக்கொள்ள வேண்டும். முகத்தில் காட்டுபவர்கள் உதட்டில் புள்ளி இல்லை என்றால் உதட்டில் மட்டும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளலாம்.

விளக்கைப் போட்டு, சுவர் பக்கம் திருப்பி வைத்து, புத்தகத்தில் சொன்ன நேரம் சூடாக விடுங்கள். சொல்லவில்லை என்றால் 5 நிமிடம் போதும். போட்டவுடன் டியூபின் வலிமை குறைவாக இருக்கும், சூடானதும் நிலைக்கும். ஒரு நாள் சூடாக்கியும் ஒரு நாள் சூடாக்காமலும் காட்டினால் உங்கள் கணக்கு ஒவ்வொரு நாளும் மாறிப்போகும்.

அந்தச் சீப்புப் பற்கள் தூரத்தை நிலைநிறுத்தத்தான். பற்களின் நுனி தோலை இலேசாகத் தொட வேண்டும், அழுத்த வேண்டாம். அசையாமல் பிடித்து, டைமரை வைத்து, முடிந்ததும் அடுத்த இடம். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தவறுவது. பெரிய திட்டை இரண்டு தடவையாகக் காட்டும்போது நடுவில் ஒரு பட்டைக்கு இரண்டு முறையும் ஒளி விழுந்துவிடும். 20 நொடிக் காலத்தில் அது தெரியாது, 80 நொடிக்கு வந்த பிறகு அந்தப் பட்டை மட்டும் 160 நொடி வாங்கிச் சிவந்து நிற்கும். காட்டி முடித்த பகுதியைத் தடித்த கறுப்புத் துணியால் மூடிவிட்டு அடுத்ததைக் காட்டுங்கள். நான் ஒரு அட்டையில் சதுரமாக ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன், அந்த ஜன்னல் அளவுதான் ஒரு தடவைக்கு.

முதல் நாள் எல்லா இடத்துக்கும் காட்ட ஆசையாக இருக்கும். ஒரே ஒரு சின்னத் திட்டுக்கு மட்டும் காட்டிவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். தோலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம்.

காட்டிய நாளில் அந்த இடத்தைக் கூடுதல் வெயிலில் காட்டாதீர்கள். வெளியே போனால் முழுக்கைச் சட்டை அல்லது சன்ஸ்கிரீன். வெயிலும் டோஸ்தான், நாம் எண்ணாத டோஸ்.

மறுநாள் நிறத்தைப் படிப்பது

அடுத்த முறை எத்தனை நொடி என்பதை முடிவு செய்வது மறுநாள் தோல் காட்டும் நிறம்தான். சுமார் 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் இளஞ்சிவப்பு தெரியாது.

நிறமே மாறவில்லை என்றால் அடுத்த முறை 10 சதவீதம் கூட்டுங்கள். உள் உதட்டின் நிறம் மாதிரி இலேசான இளஞ்சிவப்பு, தொட்டால் எரிச்சல் இல்லை, அடுத்த முறைக்குள் மறைந்துவிடுகிறது என்றால் அதுதான் நாம் தேடும் இடம். அந்த நொடியிலேயே இருந்து, சிவப்பு வராமல் போகும்போது மீண்டும் கூட்டுங்கள். நல்ல சிவப்பாக இருந்து எரிச்சல் இல்லை என்றால், இளஞ்சிவப்பாக இறங்கும்வரை நிறுத்திவிட்டு, கடைசியாகத் தாங்கிய அளவில் தொடங்குங்கள். எரிச்சல், வலி, கொப்புளம் இருந்தால் முழுதாக ஆறும்வரை விளக்கைத் தொடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும். என் கழுத்து 70 நொடியில் சிவந்தபோது முழங்கை 140 நொடியிலும் சும்மா இருந்தது. ஒரு நோட்டில் நாள், இடம், நொடி, மறுநாள் நிறம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். செல்போனில் எழுதினாலும் சரி. மனக்கணக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது.

நாள் விட்டுப்போனால்

எனக்குப் பட்ட அடி இங்கேதான். ஒரு முறை வெளியூர் போய் 18 நாள் விளக்கு எடுக்கவில்லை. திரும்பி வந்த இரவு நோட்டைத் திறந்தேன், கழுத்துக்குக் கடைசியாக 70 என்று இருந்தது, 70ஏ காட்டிவிட்டேன். விடியற்காலையில் தலையணை பட்டு எரிந்து விழித்தேன். மாலைக்குள் சட்டைக் காலர் படும் இடத்தில் மூன்று கொப்புளம். ஆறப் பத்து நாள் ஆனது. அதைவிட வருத்தம், ஆறிய ஓரத்தில் புதிதாக இரண்டு வெள்ளைப் பொட்டு வந்தது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்தில் புதுப் புள்ளி வரலாம், அதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். நமக்குத் தோல் பொசுங்குவது வெறும் வலியோடு போவதில்லை.

பழகிய தோல் ஓய்வில் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுகிறது. ஆகவே கடைசி முறைக்குப் பிறகு 4 முதல் 7 நாள் ஆகியிருந்தால் கூட்டாமல் அதே அளவு. 8 முதல் 14 நாள் என்றால் கால் பங்கு குறையுங்கள். 15 முதல் 21 நாள் என்றால் பாதி. நான் 35 நொடி காட்டியிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் மறுபடியும் ஆரம்ப அளவு. இந்த நான்கு வரியை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

கூடவே எதைச் செய்யக் கூடாது

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி எண்ணெய் பூசச் சொல்லும் உறவுக்காரர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். கார்போகரிசியில் இருப்பது சோரலென்தான், அதே பூவா மருந்து. அதைப் பூசி வெயிலிலோ யுவி விளக்கிலோ காட்டினால் தோல் பல மடங்கு வேகமாக வெந்துவிடும், எத்தனை மடங்கு என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாற்றிலும் இந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. விளக்கு எடுக்கும் காலம் முழுக்க இரண்டையும் தள்ளி வையுங்கள். மூலிகைதானே என்று டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம், அவர் கொடுத்த டோஸ் தோலில் வேறெதுவும் இல்லை என்று நம்பிக் கொடுத்தது.

எப்போது தெரியும்

முதல் ஒன்றிரண்டு மாதம் மனம் உடையும் காலம். சுற்றியுள்ள நல்ல தோல் ஒளி பட்டுக் கறுப்பதால் வெள்ளை முன்பைவிட எடுப்பாகத் தெரியும். "கூடிவிட்டதா?" என்று வீட்டில் கேட்பார்கள். திட்டின் எல்லை அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லை நகரவில்லை என்றால் நோய் கூடவில்லை. மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

எனக்கு முழங்கையில் 11வது வாரம் தெரிந்தது. வெள்ளைத் திட்டின் நடுவே எள் தூவியதுபோல ஏழு பழுப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு மயிர். அழுக்கோ என்று எச்சில் தொட்டுத் துடைத்துக்கூடப் பார்த்தேன், போகவில்லை. மயிர்க்காலின் அடியிலிருந்து ஏறி வந்த மெலனோசைட்டுகள் அவை. அடுத்த மாதங்களில் எள் கடுகானது, கடுகு மிளகானது, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

முகமும் கழுத்தும் சீக்கிரம் கேட்கும். உடம்பும் கைகால்களும் நடுத்தரம். விரல் நுனி, உதடு, பாதம் போன்ற மயிர்க்கால் குறைந்த இடங்கள் பிடிவாதம் பிடிக்கும். திட்டில் உள்ள முடியே வெளுத்துப்போயிருந்தால் அங்கே மூலச் செல்லும் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். என் விரல் நுனிகள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. கழுத்து, பொசுங்கியதால் வந்த இரண்டு பொட்டு உட்பட, ஏறக்குறைய மூடிவிட்டது.

இருபது முப்பது முறைக்குப் பிறகு டாக்டரிடம் காட்டிப் பார்க்கலாம். ஆனால் பலன் இல்லை என்று கைவிடுவதற்கு முன் 72 முறையாவது எடுத்திருக்க வேண்டும் என்பது அந்த 2017 பரிந்துரை. வாரம் மூன்று என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். நிறைய பேர் மூன்றாவது மாதம் விளக்கைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நிறம் நன்றாக வந்த பிறகு சட்டென்று நிறுத்த வேண்டாம். முதல் மாதம் வாரம் இரண்டு, இரண்டாம் மாதம் வாரம் ஒன்று, மூன்றாம் நான்காம் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று இறக்கிக்கொண்டு வந்து டாக்டர் சொல்லும்போது நிறுத்துங்கள்.

டியூப் மாற்றும்போது

டியூப் தேயத் தேய வலிமை குறையும். நாமும் நொடியைக் கூட்டிக்கொண்டே போயிருப்போம். அந்த நிலையில் புது டியூப் மாட்டி அதே நொடி காட்டினால் கண்டிப்பாகப் பொசுங்கும். மாற்றும் நாளில் நொடியை நன்றாகக் குறைத்து, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, மீண்டும் மேலே ஏறுங்கள். நோட்டில் அந்த நாளின் கீழே ஒரு கோடு போடுங்கள். பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் உடைத்துப் போடாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ இல்லாமல், அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

உங்கள் கழுத்து மூடுவதைப் பார்த்த யாராவது ஒரு நாள் விளக்கை இரவல் கேட்பார்கள். கொடுக்கலாம். வலிமை எழுதிய சான்றிதழையும் கண் கவசத்தையும் சேர்த்துக் கொடுங்கள், டாக்டரைப் பார்த்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு. உங்கள் நோட்டை மட்டும் கொடுக்க வேண்டாம். அவருக்கு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்து, நாள், இடம், நொடி, மறுநாள் நிறம் என்று முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுங்கள்.